பாஸ் பட்டனும் சிமென்ட் லேப் நோட்டும்

டெஸ்ட் மேனேஜ்மென்ட் டூல்களைப் பற்றி நெட்டில் தேடிப் பாருங்கள். எழுதியிருப்பவர்கள் பெரும்பாலும் அவற்றை விற்கிறவர்களாகத்தான் இருப்பார்கள். காலையில் லாகின் செய்து, ராத்திரி ரிலீஸ் முடிகிற வரை அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற எங்களைப் போன்றவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன, நாமே எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என்னைப் பற்றி ரொம்பச் சொல்வதற்கில்லை. பெரம்பலூரில் இ.சி.இ. படித்துவிட்டு, கோடிங் வராதவன் டெஸ்டிங் போவான் என்று எல்லாரும் சொன்ன காலத்தில் சென்னை ஓ.எம்.ஆருக்குப் போனவன். கொரோனாவில் ஊருக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டேன். இப்போது குன்னம் தாலுகாவில் வீட்டு மாடியில்தான் ஆபீஸ். சென்னைக்கு நேரில் வரச் சொன்னால் பெரம்பலூர் நாலு ரோட்டில் பஸ் ஏறுவேன். ரயில்தான் வேண்டுமென்றால் அரியலூர் போகணும், பெரம்பலூருக்கு இன்னும் ரயில் கிடையாது. அதைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம், இப்போது வேண்டாம்.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்காக ஒரு பத்தி. பஸ் டிக்கெட் எடுக்கிற ஆப் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் இதைச் செய், அடுத்து இதை அழுத்து, இன்னது வர வேண்டும் என்று எழுதிவைப்பது டெஸ்ட் கேஸ். இப்படி ஆயிரக்கணக்கில் சேரும். எந்த கேஸை யார், எந்த பில்டில் (அதாவது ஆப்பின் எந்தப் பதிப்பில்), எப்போது ஓட்டினார், பாஸா ஃபெயிலா, ஃபெயில் என்றால் எந்த பக் நம்பர் என்று கணக்கு வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் வேண்டும். அதுதான் டெஸ்ட் மேனேஜ்மென்ட் டூல். அது தானாக எதையும் டெஸ்ட் செய்யாது. டெஸ்ட் செய்ததாக நாம் சொல்வதை எழுதிவைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் நிறைய மேனேஜர்களுக்கே பிடிபடுவதில்லை.

உண்மையில் உலகத்திலேயே அதிகம் பயன்படுகிற டெஸ்ட் மேனேஜ்மென்ட் டூல் எக்செல்தான் என்பது என் சந்தேகம். புள்ளிவிவரம் எல்லாம் கேட்காதீர்கள், பார்த்ததைச் சொல்கிறேன். லட்சக்கணக்கில் கட்டி வாங்கிய டூல் ஒரு பக்கம் இருக்க, டீம் லீட் டெஸ்க்டாப்பில் 'ரிக்ரெஷன்_ஃபைனல்_புதுசு_2' என்று ஒரு ஷீட் கட்டாயம் இருக்கும். அதைத் திட்ட எனக்கு மனசு வராது. நெட் போனாலும் எக்செல் திறக்கும். ஐப்பசி மழையில் மாடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிரவுசர் டூல் கட்டியவர்களுக்குத் தெரியாது. பத்து ஸ்டெப் மூச்சுமுட்ட டைப் செய்து சேவ் கொடுத்தால் 'செஷன் முடிந்துவிட்டது' என்று லாகின் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிற டூலில் வேலை பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். அன்றிலிருந்து எதையும் முதலில் நோட்பேடில் அடித்துவிட்டுத்தான் ஒட்டுவது.

ஆனால் எக்செலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாம் கொடுப்பதை அப்படியே வைத்துக்கொள்ளாமல், தனக்குத் தெரிந்த மாதிரி மாற்றிவிடும். நிலப் பதிவு சம்பந்தப்பட்ட ஒரு ஆப்புக்கு டெஸ்ட் டேட்டா தயார் செய்தோம். சர்வே எண் 12/3 என்று அடித்தால் அது '12-மார்ச்' ஆகிவிடும். 12/3ஏ என்று உட்பிரிவு எழுத்தும் சேர்ந்தால் தப்பிக்கும். 12 இலக்க ஆதார் எண்ணை அடித்தால் நடுவில் ஒரு புள்ளியும் கடைசியில் ஒரு 'ஈ'யுமாக அறிவியல் கணக்காகக் காட்டும். 16 இலக்க எண் என்றால் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு டெவலப்பர் மேல் பக் போட்டவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம். டெஸ்ட் டேட்டா ஷீட்டில் எல்லா நெடுவரிசையையும் முதலில் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அப்புறம் அடிக்க ஆரம்பியுங்கள். இந்தப் பதிவில் வேறெதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெரிய கம்பெனி என்றாலே குவாலிட்டி சென்டர்தான். எங்களுக்கு 'க்யூசி'. அதற்கு ஒரு வம்ச வரலாறே உண்டு. இஸ்ரேலில் பிறந்த மெர்குரி இன்டராக்டிவ் என்ற கம்பெனி டெஸ்ட் டைரக்டர் என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு குவாலிட்டி சென்டர் ஆனது. 2006-இல் எச்பி அந்தக் கம்பெனியையே சுமார் 450 கோடி டாலருக்கு வாங்கியது. டூலுக்கு ஏஎல்எம் என்று பெயர் வந்தது. 2017-இல் மைக்ரோ ஃபோகஸ் கைக்குப் போனது, 2023 ஜனவரியில் ஓபன்டெக்ஸ்ட் கைக்கு. இத்தனை முதலாளிகளைப் பார்த்த பிறகும் வங்கி, இன்சூரன்ஸ் பக்கம் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பல வருஷத்து டெஸ்ட் கேஸும் ஆடிட் ஆதாரமும் அதற்குள் புதைந்து கிடந்தால் யார் தோண்டி வெளியே எடுப்பது?

க்யூசியில் ரிக்வயர்மென்ட், டெஸ்ட் பிளான், டெஸ்ட் லேப், டிஃபெக்ட் என்று நான்கு அறை. எதை எங்கே வைப்பது என்பதில் குழப்பமே கிடையாது. பழைய காலத்துக் கூட்டுக் குடும்ப வீட்டு ஒழுங்கு அதில் இருந்தது. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இல்லாமல் ரொம்ப நாள் அது திறக்கவே திறக்காது. உலகம் முழுக்க குரோமுக்குப் போன பிறகும், டெஸ்டர் டெஸ்க்டாப்பில் மட்டும் அந்த நீல நிற 'ஈ' ஐகான் இருந்ததற்கு இதுதான் காரணம். 2022 ஜூன் 15-ஆம் தேதி மைக்ரோசாப்ட் அந்த பிரவுசருக்கு விடை கொடுத்தபோது மற்றவர்கள் மீம் போட்டார்கள். டெஸ்டர்கள் அட்மினுக்கு மெயில் போட்டார்கள்.

சின்ன கம்பெனிக்கு மாறியபோது டெஸ்ட்லிங்க். காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ், பழைய டெஸ்க்டாப் ஒன்றில் பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் போட்டு நிறுவிவிடலாம். முகத்தைப் பார்த்தால் இரண்டாயிரங்களின் ஆரம்பத்து வெப்சைட் மாதிரி இருக்கும். இடப்பக்கம் ஒரு மரம், வலப்பக்கம் ஒரு ஃப்ரேம். புதிதாக வருகிற பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு வருகிற முதல் கோபம், ஒரு கேஸை ஓட்டுவதற்கு முன்னால் 'பில்ட்' ஒன்றை உருவாக்கியே ஆக வேண்டும் என்று அது பிடிக்கிற பிடிவாதம். "எதுக்குண்ணே இது? பாஸ்னு போட விட மாட்டேங்குது." எனக்கு அந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடிக்கும். எந்த பில்டில் பாஸ் என்று தெரியாத பாஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நேற்று பாஸ் ஆனது இன்றைய பில்டில் உடைந்திருக்கும். அழகான டூல்கள் பல இந்த இடத்தில் நமக்கு இடம் கொடுத்துவிடுகின்றன.

அழகான டூல் என்றால் டெஸ்ட்ரெயில். ஜெர்மனியின் குரோக் கம்பெனி கட்டியது, இப்போது ஐடெரா வசம். வேலை பார்க்கச் சுகமாக இருக்கும், மறைக்க மாட்டேன். அதில் 'பாஸ் அண்ட் நெக்ஸ்ட்' என்று ஒரு பட்டன் உண்டு. ஒரு கிளிக்கில் இந்த கேஸ் பாஸ், அடுத்த கேஸ் கண் முன்னால். வேகமாக வேலை செய்கிறவருக்கு நல்லெண்ணத்தில் செய்து கொடுத்த வசதி. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரிலீஸுக்கு முன்னால், ரிக்ரெஷனில் (பழையது எதுவும் உடையவில்லையே என்று மறுபடி ஓட்டிப் பார்ப்பது) நூற்றுக்கணக்கில் கேஸ் மிச்சம் இருக்கும்போது, அந்த பட்டன் எப்படி அழுத்தப்படும் என்று எங்கள் தொழிலில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டன் மேல் குற்றமில்லை. க்யூசியிலும் டெஸ்ட்லிங்கிலும் எக்செலிலும் இதே வேலை நடக்கும், கொஞ்சம் மெதுவாக நடக்கும். எக்செலில் 'பாஸ்' என்று ஒரு செல்லில் அடித்து மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும்.

ஏன் இப்படி? டூலை வாங்குகிறவர் வேறு, அதில் உட்காருகிறவர் வேறு. வாங்குகிறவருக்கு வேண்டியது டேஷ்போர்டு. பச்சை எத்தனை சதவீதம், சிவப்பு எத்தனை, போன ஸ்பிரின்ட்டை விடப் பச்சை கூடியிருக்கிறதா. டெமோ காட்டுகிறவரும் முதல் ஸ்லைடிலேயே அந்தப் பச்சை-சிவப்பு வட்டத்தைத்தான் காட்டுவார். ஒரு கேஸை ஓட்டும்போது டெஸ்டர் கண்ணில் என்ன பட்டது என்று எழுத ஒரு 'கமென்ட்' பெட்டி இருக்கும். அது கட்டாயம் இல்லை, யாரும் படிப்பதும் இல்லை.

இங்கே என் மாமாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அம்மாவின் தம்பி. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் லேபில் பல வருஷம் இருந்தவர். அரியலூரில் சிமென்ட் ஆலைக்குப் பஞ்சமில்லை. அரசாங்கத்தின் டான்செம், ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் இந்த இடம் கடலுக்கு அடியில் இருந்தது. அதனால்தான் இத்தனை சுண்ணாம்புக்கல், சுரங்கத்தில் நத்தைக் கூடும் சிப்பியும் கல்லாகிக் கிடைப்பது. வாரணவாசியில் அதற்கு மியூசியமே இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.

மாமா ஒரு நாள் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். வரிசையாகப் பச்சைப் பச்சையாக இருந்தது.

"என்னடா மாப்ள இது, எல்லாம் பாஸு பாஸுன்னு இருக்கு. எவ்வளவு வந்துச்சுன்னு எழுத மாட்டீங்களா?"

"எவ்வளவுன்னு ஒண்ணும் இல்ல மாமா. சரியா வந்தா பாஸ், இல்லாட்டி ஃபெயில்."

"அது சரி. சரியா வந்துச்சுன்னு நீ சொல்றே. என்ன வந்துச்சு?"

அவர் லேபில் நடப்பதைச் சொன்னார். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல். அந்த மணலும் கண்ட ஆற்றில் அள்ளியது அல்ல. எண்ணூர் மணல், சிமென்ட் சோதனைக்கென்றே தரப்படுத்திய மணல், இந்தியா முழுக்க லேப்களில் அதுதான். அதை 70.6 மில்லிமீட்டர் க்யூபாக வார்த்து, 27 டிகிரி வெப்பத்தில் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், இரண்டு டிகிரி கூடலாம் குறையலாம். 3-ஆம் நாள் மூன்று க்யூப், 7-ஆம் நாள் மூன்று, 28-ஆம் நாள் மூன்று என்று எடுத்து மெஷினில் வைத்து உடைக்க வேண்டும். 53 கிரேடு சிமென்ட் என்றால் 3-ஆம் நாளில் 27 மெகாபாஸ்கல், 7-ஆம் நாளில் 37, 28-ஆம் நாளில் 53-க்குக் குறையக் கூடாது. நோட்டில் எழுதுவது பாஸ் என்று அல்ல. என்ன எண்ணில் உடைந்தது என்று. யார் வார்த்தது, என்றைக்கு, எந்த வாரத்துச் சிமென்ட் என்று. 28-ஆம் நாள் முடிவு வரும்போது அந்தச் சிமென்ட் ஜெயங்கொண்டத்திலோ துறையூரிலோ ஒரு வீட்டுக்கு லிண்டலாகப் போயிருக்கும். பையின் மேல் வாரமும் வருஷமும் அடித்திருப்பது இதற்குத்தான். நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால் நோட்டைப் புரட்டி, அந்த வாரம் என்ன எண் வந்தது என்று காட்ட வேண்டும்.

"53-க்கு மேல வந்தா எல்லாமே பாஸ்தான். ஆனா போன மாசம் 60 வந்துட்டு இருந்தது இந்த மாசம் 54 வந்தா, அதுவும் பாஸ்தான், ஆனா எங்க சீனியர் அன்னிக்கு வீட்டுக்குப் போக மாட்டாரு" என்றார் மாமா.

இதுதான் விஷயம். பாஸ் என்பது தீர்ப்பு. எண்தான் சாட்சி. எங்கள் டூல்களில் தீர்ப்புக்குப் பெரிய பெரிய கலர் பட்டன், சாட்சிக்கு ஒரு சின்னப் பெட்டி. பேமென்ட் பக்கம் திறக்க போன ரிலீஸில் இரண்டு விநாடி ஆனது, இந்த ரிலீஸில் ஏழு விநாடி. கேஸில் 'பேமென்ட் பக்கம் திறக்க வேண்டும்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. திறந்தது. பாஸ். பச்சை. அந்த ஏழு விநாடி எந்த ரிப்போர்ட்டிலும் வராது. மாமாவின் சீனியர் எங்களிடம் இருந்திருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

நான் அதன் பிறகு எங்கள் டீமில் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். முக்கியமான கேஸ்களில் பாஸ் போட்டாலும் கமென்ட்டில் கண்ணால் கண்டதை ஒரு வரி எழுத வேண்டும். ஆர்டர் எண், வந்த தொகை, ஆன நேரம், ஏதாவது ஒன்று. முதல் வாரம் எல்லாரும் முணுமுணுத்தார்கள். லீட் வேகம் குறைகிறது என்றார், குறையத்தான் செய்தது. ஆனால் ஓட்டாமலே போடுகிற பாஸ் நின்றது. ஆர்டர் எண்ணைக் கற்பனையாக எழுத அவ்வளவு சுலபமாகக் கை வராது.

எங்கே, எப்படி ஓட்டியது என்று பார்க்காமல் பாஸை நம்புவது ஏதோ சின்ன கம்பெனிச் சமாச்சாரம் என்று நினைத்தால், டிஎஸ்பி வங்கிக் கதையைப் பாருங்கள். பிரிட்டன் வங்கி. ஸ்பெயினின் சபாடெல் அதை வாங்கிய பிறகு, 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் கணக்குகளைப் பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாற்றினார்கள். டேட்டா ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. சிஸ்டம்தான் தாங்கவில்லை. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். விசாரித்த ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனம் 2019 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விவரம் ஒன்று உண்டு. புதிய சிஸ்டம் இரண்டு டேட்டா சென்டரில் சேர்ந்து ஓட வேண்டியது. தாங்குமா என்கிற சோதனையை ஒரு டேட்டா சென்டரில் மட்டும்தான் செய்திருந்தார்கள். 2022 டிசம்பரில் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ட் அபராதம். அடுத்த வருஷம் அப்போதைய தகவல் தொழில்நுட்பத் தலைவர் கார்லோஸ் அபார்காவுக்குத் தனியாக 81,620 பவுண்ட் அபராதம். சிஸ்டத்தை ஓட்ட வேண்டிய நிறுவனம் தயார்தானா என்று போதுமான அளவுக்கு உறுதி செய்துகொள்ளவில்லை என்பது அவர் மேல் வந்த குறை.

நம் சென்னையில் வங்கி மென்பொருள் டெஸ்டிங்கையே தொழிலாக வைத்து வளர்ந்த கம்பெனிகள் உண்டு. 1998-இல் தொடங்கிய திங்க்சாஃப்ட் 2009-இல் பங்குச் சந்தைக்கே வந்தது, பிறகு ஜெர்மனியின் எஸ்க்யூஎஸ் வாங்கி, இன்று எக்ஸ்ப்ளியோ என்ற பெயரில் இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வெளிநாட்டு வங்கி ப்ராஜெக்டில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள். அவர்களைக் கேளுங்கள், டூலில் 'என்விரான்மென்ட்' என்று ஒரு டிராப்டவுன் இருக்குமே, அதை எத்தனை பேர் தொடுவார்கள் என்று. முதலில் எது தேர்வாகி நிற்கிறதோ அதுவே கடைசி வரை நிற்கும். எங்கே ஓட்டிய பாஸ் என்பதே அந்த டிராப்டவுனில்தான் இருக்கிறது.

அடுத்து, டெவலப்பர்கள் வேலைக்கும் பக்குக்கும் கணக்கு வைக்கிற ஜிராவுக்குள்ளேயே உட்காருகிற டூல்கள். எக்ஸ்ரே, செஃபிர் வகையறா. டெவலப்பர் இருக்கும் இடத்திலேயே டெஸ்ட்டும் இருப்பதால் பக்கும் கேஸும் ஸ்டோரியும் ஒரே சங்கிலியில் வரும். நல்ல ஏற்பாடு. விலையில்தான் வில்லங்கம். ஜிராவில் 500 பேர் இருந்து அதில் டெஸ்டர் 12 பேர்தான் என்றாலும், சேர்க்கிற ஆப்புக்கு 500 பேர் கணக்கில்தான் பணம் கட்ட வேண்டும். ஜிராவின் சொந்தக்காரரான அட்லாசியனின் ஆப் சந்தையில் நெடுநாளாக இருந்துவரும் விதி இது. ஃபைனான்ஸ்காரர் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, "எக்செல்லயே பண்ண முடியாதா?" என்று கேட்பார். மறுபடி அதே ஷீட். 2024 பிப்ரவரி 15-ஓடு ஜிரா சர்வர் பதிப்புக்கு ஆதரவு முடிந்ததும் நிறைய டீம்கள் கிளவுடுக்கு மூட்டை கட்டின. கேஸ்கள் போய்ச் சேர்ந்தாலும், பழைய ரன் வரலாறும் ஒட்டியிருந்த ஸ்கிரீன்ஷாட்டும் கூடவே வந்தனவா என்று முதல் நாளே பார்ப்பவர்கள் குறைவு. ஆடிட் வரும்போதுதான் தேடுவோம்.

தமிழில் டெஸ்ட் செய்கிறவர்களுக்கு மட்டும் உள்ள சில தொல்லைகளைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. டூலிலிருந்து சிஎஸ்வி எடுத்து எக்செலில் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தால் தமிழ் எல்லாம் கோழி கிளறிய மாதிரி ஆகிவிடும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். 'டேட்டா' மெனுவில் போய் டெக்ஸ்ட் ஃபைலாக உள்ளே எடுத்து, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாக வரும்.

அதைவிட நுணுக்கமானது 'கொ' பிரச்சினை. ஜெயங்கொண்டம் என்று தேடினால் ஜெயங்கொண்டம் வராது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் யூனிகோடில் 'கொ'வின் குறியை ஒரே எழுத்துக்குறியாகவும் போடலாம், ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக இரண்டாகவும் போடலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் சொல்கிறது, மென்பொருள்தான் தேடுவதற்கு முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பல மென்பொருள்கள் கொண்டுவருவதில்லை. நாங்கள் டெஸ்ட் செய்த ஆப்பில் இந்த பக்கைக் கண்டுபிடித்து டூலில் ஏற்றினோம். சில மாதம் கழித்து அதே டூலில் ஜெயங்கொண்டம் என்று தேடினால் நாங்கள் எழுதிய கேஸே வரவில்லை. டூலுக்கும் அதே வியாதி. பெயர் சொல்ல மாட்டேன். அதிலிருந்து தமிழ் டேட்டா உள்ள கேஸ்களுக்கு ஆங்கில எழுத்தில் ஒரு டேக் போட்டு வைக்கிறோம்.

அப்புறம் இனிஷியல். 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று ரிக்வயர்மென்ட்டில் எழுதியிருக்கும். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்தும் தன் பெயரும்தான். லாஸ்ட் நேம் இல்லாமல் சமர்ப்பித்தால் பிழைச் செய்தி வர வேண்டும் என்று கேஸ். வந்தது. பாஸ். தமிழ்நாட்டில் பாதிப் பேரை உள்ளே விடாமல் தடுத்ததற்கு ஒரு பச்சை டிக்! டெஸ்டராக எனக்கு அது தப்பு என்று தெரிகிறது. அதைச் சொல்ல டூலில் எனக்கு எந்த இடமும் இல்லை. பாஸ், ஃபெயில், பிளாக்ட், ரீடெஸ்ட் எல்லாம் இருக்கும். 'எழுதியபடி சரி, எழுதியதே தப்பு' என்று ஒரு ஸ்டேட்டஸ் எங்கேயும் பார்த்ததில்லை. சில டூல்களில் நாமே புதிதாக ஸ்டேட்டஸ் சேர்த்துக்கொள்ளலாம். நாங்கள் 'சந்தேகம்' என்று ஒன்று சேர்த்தோம். அதற்கு மஞ்சள் கலர். மேனேஜர் முதல் மீட்டிங்கிலேயே இது பச்சையில் சேருமா சிவப்பில் சேருமா என்று கேட்டார். எதிலும் சேராது என்பதற்காகத்தான் சேர்த்தோம் என்று விளங்க வைக்க ஒரு ரிலீஸ் ஆனது.

கேஸில் எழுதாததையும் டெஸ்டர் பார்த்துச் சொல்ல இன்னொரு வழி உண்டு, அது பழசுதான். ஜோனதன் பாக், ஜேம்ஸ் பாக் என்ற அண்ணன் தம்பி 2000-ஆம் ஆண்டில் செஷன் முறையைக் கொண்டுவந்தார்கள். கேஸ் கேஸாக எழுதாமல், 'பணம் திரும்ப வருவதில் என்னென்ன கோளாறு இருக்கிறது என்று பார்' என்று ஒரு வரி குறிக்கோள் எடுத்துக்கொண்டு, சுமார் ஒன்றரை மணி நேரம் இடைஞ்சல் இல்லாமல் டெஸ்ட் செய்வது. பார்த்ததை எல்லாம் குறிப்பெடுத்து, முடிந்ததும் லீடிடம் உட்கார்ந்து பேசுவது. என் அனுபவத்தில் உருப்படியான பக்கில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைத்தது. ஆனால் இதை எண்ணி வட்டம் வரைய முடியாது. அதனால் பெரும்பாலான டூல்களில் இதற்கு மூலையில் ஒரு இடம்தான். நான் இன்னும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில்தான் எழுதுகிறேன்.

இப்போது புதிதாக ஏஐ வந்திருக்கிறது. ரிக்வயர்மென்ட்டை ஒட்டினால் கேஸ்களைக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. கேஸ் பற்றாக்குறை எங்கள் தொழிலில் என்றைக்குமே இருந்ததில்லை. அதை ஒழுங்காக ஓட்டிப் பார்க்க ஆளும் நேரமும்தான் இல்லை. அதைச் சரி செய்கிற டூல் வந்தால் தனிப் பதிவு எழுதுகிறேன்.

கடைசியாக, கேம்பஸ் நேரத்தில் என்னிடம் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு. "அண்ணே, எந்த டூல் கத்துக்கட்டும்?" என்றால் என் பதில் இது. டெஸ்ட்லிங்க் அல்லது கிவி டிசிஎம்எஸ், இரண்டும் ஓப்பன் சோர்ஸ். ஒன்றை உங்கள் லேப்டாப்பில் நீங்களே நிறுவுங்கள், அதற்கே ஒரு நாள் போகும், போகட்டும். அரசு போக்குவரத்துக் கழக டிக்கெட் தளத்தை எடுத்துக்கொண்டு, பெரம்பலூரிலிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுப்பதற்கு இருபது கேஸ் எழுதுங்கள். எழுதியதை ஹாஸ்டலில் பக்கத்து ரூம் ஆளிடம் கொடுத்து, பணம் கட்டும் இடம் வரை ஓட்டச் சொல்லுங்கள். அவர் உங்களைக் கூப்பிட்டு 'இது என்னடா?' என்று கேட்கிற ஒவ்வொரு இடத்திலும் கேஸைத் திருத்துங்கள். பிறகு எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து, டூலை அழித்துவிட்டு, மறுபடி நிறுவி உள்ளே ஏற்றிப் பாருங்கள். என்ன காணாமல் போனது என்று எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் இந்தக் கதையைச் சொல்கிற ஃப்ரெஷரை நான் இதுவரை பார்த்ததில்லை. வந்தால் என் டீமுக்கு எடுத்துக்கொள்வேன்.